சில்லென்று ஒரு தாழ்ப்பாள்

பெரியவளுக்குச் சம்பளம் எதற்கென்று கேட்டால், எலிகளை மறக்க வைப்பதற்கு. மூளை ஆய்வகம் ஒன்றில் இருபது வருஷமாக அதே வேலை. வீட்டில் தம்பி அவளை 'எலியக்கா' என்றே கூப்பிடுவான். அவளும் சிரித்துக்கொள்வாள்.

வேலை என்னவோ பார்க்கச் சுலபம்தான். எலியை ஒரு சின்னப் பெட்டிக்குள் விடுவார்கள். ஒரு மணிச் சத்தம் வரும். அது அடங்கும்போது காலடியில் லேசாக ஒரு ஷாக். மறுநாள் ஷாக் எதுவும் வேண்டாம், சத்தம் மட்டும் போதும், எலி அப்படியே சிலையாகிவிடும். மீசைகூட ஆடாது. அது எத்தனை நொடி உறைந்து நிற்கிறது என்று கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு எண்ணி எழுதுவது பெரியவளின் வேலை. நொடி கூடினால் ஞாபகம் கெட்டி. குறைந்தால் மறதி.

அந்த ஞாபகம் எலியின் தலைக்குள் எப்படி உட்காருகிறது என்றால், அது ஒரு பெரிய கட்டுமான வேலை. இரண்டு நரம்புச் செல்கள் கைகுலுக்குகிற இடம் பலப்பட வேண்டும். அதற்குச் செல்லுக்குள் சில ஜீன்கள் விழித்துக்கொண்டு புதுப் புரதங்களைச் செய்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து, புரதம் செய்வதைத் தடுக்கிற மருந்தை எலியின் தலையில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே விட்டால் போச்சு. அன்றைக்கு நினைவிருக்கும், மறுநாள் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூண்டு எலிகளுக்கு வெறும் உப்புத்தண்ணீரை விடுவார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் புரதங்கள் சில நாள்கூடத் தாங்காது, சிதைந்துவிடும். ஞாபகம் மட்டும் ஆயுசுக்கும் நிற்கும். எப்படியென்றால், போகிற புரதம் வருகிற புரதத்தைத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் போகிறது. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, கடை மட்டும் மூடுவதே இல்லை.

இதெல்லாம் சரி, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஒரு விஷயம்தான் பெரியவளுக்குப் பழசைக் கிளறிவிட்டது. பழைய ஞாபகத்தை ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அதன் கட்டு அவிழ்ந்துவிடுகிறதாம். மறுபடி பூட்டிக்கொள்ள ஆறு மணி நேரம் ஆகுமாம். அந்த இடைவெளியில் பக்கத்தில் எது கிடந்தாலும் அதையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளுமாம். "ஆக, கேட்டுக் கேட்டே ஒருத்தர் ஞாபகத்த மாத்திடலாம்," என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தட்டினார் அவர். சுற்றியிருந்தவர்கள் சுவாரஸ்யமாகத் தலையாட்டினார்கள். பெரியவள் மட்டும் பேனாவை மூடிவிட்டாள். மருந்தும் இல்லாமல் குழாயும் இல்லாமல் அதைப் பதினோரு வயதிலேயே செய்து முடித்தவள் அவள்.

நடந்தது இதுதான். அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனாள். போகும்போது, "தம்பியப் பாத்துக்கோ, குளியலறைக் கதவைச் சாத்தி வை, உள்ள சுடுதண்ணி பக்கெட் இருக்கு" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். பெரியவள் உள்ளே போய் முகம் கழுவினாள், வெளியே வந்தாள், கதவைச் சாத்தவில்லை. கதைப் புத்தகத்தில் மூழ்கிவிட்டாள். ஒன்றரை வயதுத் தம்பி தத்தித் தத்தி உள்ளே போய்ப் பக்கெட்டில் இடது கையை விட்டான்.

அந்த அலறலுக்கு அம்மா மாடியிலிருந்து ஓடி வந்தாள். "யாரு கதவத் தொறந்து வெச்சது?" என்று கத்தினாள். பெரியவளின் வாயிலிருந்து யோசிக்காமலேயே வந்துவிட்டது: "குட்டிதாம்மா."

குட்டி என்பது தங்கை. அப்போது ஐந்து வயது. பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு கூடத்து மூலையில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது. முழி முழியென்று முழித்தது. "நான் இல்லம்மா" என்றது. அம்மா விட்ட அறையில் பொம்மை ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குட்டி 'நான் இல்லை, நான் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் என்றைக்காவது அம்மாவுக்குச் சந்தேகம் வராதா? அந்தப் பயத்தில் பெரியவள் தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகத்தான் கேட்பாள்.

"நீ ஒண்ணுக்குப் போயிட்டு வந்தியே, மறந்துட்டியா?"

"இல்லக்கா."

"பச்சைக் கவுன் போட்டிருந்தே. கதவத் தொறந்துட்டு ஓடி வந்தே. நல்லா யோசிச்சுப் பாரு குட்டி."

முதல் வாரம் அழுதது. இரண்டாம் வாரம் பேசாமல் நடந்தது. அடுத்த மாதம் "ம்" என்றது. அப்புறம் ஒரு நாள், வீட்டுக்கு வந்த அத்தையிடம் தானாகவே போய்ச் சொன்னது: "நான்தான் அத்தை தாழ்ப்பாளத் தொறந்தேன். சில்லுனு இருந்துச்சு."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாழ்ப்பாள் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லையே! அந்தக் கதவுக்கு வெளியில் தாழ்ப்பாளே கிடையாது அன்றைக்கு. தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகுதான் அப்பா கடைக்குப் போய் இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டினார். பிறகு வந்த தாழ்ப்பாள் முந்தி நடந்ததற்குள் போய் உட்கார்ந்துகொண்டுவிட்டது, குளிர்ச்சியோடு கூட.

முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. தம்பி வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறான். இடது கையில் மூன்று விரல் ஒட்டி வளைந்திருக்கும். அதை வைத்துக்கொண்டே மெஷினின் வயிற்றுக்குள் யாரும் நுழைக்க முடியாத சந்தில் எல்லாம் கையை நுழைப்பான். "இதுக்குன்னே செஞ்ச கை," என்று பீற்றிக்கொள்வான். குட்டி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறாள். மயிரிழை பிசகாத கை. ஆனால் அந்தக் கையால் இதுவரை ஒரு குழந்தையைத் தூக்கியதில்லை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் 'எனக்குக் குழந்தையெல்லாம் சரிப்படாது' என்று முதல் சந்திப்பிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். பெரியவள் இரண்டு முறையும் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா இருக்கும்வரை அம்மாவுக்காக வாயைத் திறக்கவில்லை என்று தனக்கே ஒரு சாக்கு வைத்திருந்தாள். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். சாக்கும் அவளோடு போனது.

அப்படியிருக்கத்தான் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனார்கள். தம்பி மனைவி குழந்தையைத் துணியில் சுற்றி நீட்டினாள்.

"சின்னண்ணி, இந்தாங்க, வாங்கிக்குங்க."

குட்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். "வேணாம்மா. பெரியக்கா கிட்டக் குடு."

"அட, கடிக்காது சின்னக்கா! பல்லு மொளைக்கல இன்னும்," என்றான் தம்பி.

"உனக்குத் தெரியாதாடா? என் கை ராசி அப்படி," என்று சொல்லிவிட்டு, வீட்டில் எல்லோரும் நூறு தடவை கேட்டதை இன்னொரு தடவை சொன்னாள். "நான் தாழ்ப்பாள மட்டும் தொறக்காம இருந்திருந்தா…"

குழந்தை பெரியவளின் மடிக்கு வந்தது. தலை உள்ளங்கைக்குள் அடங்கியது. அந்த வெதுவெதுப்பு அவளைச் சுட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். இங்கேதான் அவள் புத்தி போன போக்கைப் பாருங்கள். நேரே போய் 'நான் பொய் சொன்னேன்' என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் இருபது வருஷம் கூண்டோடு குப்பை கொட்டியவள் அல்லவா? வெறுமனே சொன்னால் அந்தப் பழைய ஞாபகம் மாறாது என்று கணக்குப் போட்டாள். பழசாகி இறுகின ஞாபகம் லேசில் அவிழாது. எலிகூட அப்படித்தான், மணிச் சத்தம் மட்டும் கேட்டால் போதாது. அது எதிர்பாராத ஏதாவது ஒன்று சேர்ந்து நடக்க வேண்டும், அப்போதுதான் கட்டு தளரும். அதற்கு அவளிடம் ஒன்று இருந்தது: ஒரு பழைய புகைப்படம். தம்பி முதன்முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். பின்னால் குளியலறைக் கதவு, தாழ்ப்பாள் இல்லாமல் வெறும் மரமாக.

தன் ஆய்வக நோட்டின் கடைசிப் பக்கத்தில், பழக்க தோஷத்தில், வழக்கம்போல் எழுதினாள்.

நினைவூட்டல்: கதவின் முன், மூன்று நிமிடம். எதிர்பாராதது: புகைப்படம். ஆறு மணி நேரத்துக்குள்: உண்மை. அதுவரை வேறு பேச்சு வேண்டாம். மறுநாள் சோதனை: குழந்தையை மடியில் வைத்தல்.

எலிகளுக்கு எழுதுகிற அதே நிதானத்தோடு எழுதினாள் என்பதுதான் கொடுமை.

அம்மா இருந்த வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலை இரண்டு பேரும் போனார்கள். கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. குட்டி பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். பெரியவள் குளியலறைப் பக்கம் நின்று, "குட்டி, இங்க கொஞ்சம் வாயேன்," என்று கூப்பிட்டாள்.

குட்டி வந்தாள். கதவைப் பார்த்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாள். அப்படியே நின்றுவிட்டாள். பெரியவளின் கட்டைவிரல் தன்னையறியாமல் ஸ்டாப் வாட்சைத் தேடியது. இல்லாததால் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

"இன்னும் அதே தாழ்ப்பாதான்," என்றாள் குட்டி. "எட்டி எட்டி இழுத்தேன். சில்லுனு இருந்துச்சு. இப்பவும் விரல்ல இருக்குக்கா அது."

"இந்தப் படத்தப் பாரு."

குட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "ஐயோ, குண்டுப் பையன்!" என்று சிரித்தாள்.

"பின்னாடி கதவப் பாரு. தாழ்ப்பா இருக்கா?"

குட்டி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். லென்ஸ் பார்க்கிற கண், ஏமாறாது. "இல்லயே."

"அப்பா அத அப்புறம்தான் மாட்டினாரு. தம்பிக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்த பிறகு."

பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குட்டியின் நெற்றி சுருங்கியது. ஒரு நொடி, இரண்டு, மூன்று. பிறகு முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப கைப்பிடியா இருக்கும். ஆமா, கைப்பிடிதான். இரும்புக் கைப்பிடி. அதான் சில்லுனு இருந்திருக்கு."

அவ்வளவுதான். தாழ்ப்பாள் போய்க் கைப்பிடி வந்து உட்கார்ந்துவிட்டது. ஆள் மாறியது, கடை மூடவில்லை. பெரியவள் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இன்னும் ஐந்தேமுக்கால் மணி நேரம் இருக்கிறது என்று மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, எங்கயாவது போணுமா? சும்மா சும்மா வாட்ச்ச பாக்கற?"

"இல்ல, இல்ல. நீ போயிப் பெட்டி மேல எழுது. மார்க்கர் என் பையில இருக்கு, எடுத்துக்கோ."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். அதற்குள் குட்டி பையிலிருந்தது எல்லாவற்றையும் பெட்டி மேல் பரப்பியிருந்தாள். மார்க்கர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகியிருந்தது. நோட்டு விரிந்து கிடந்தது. குட்டி குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை படித்திருப்பாள்.

"உண்மைன்னு எழுதிருக்க," என்றாள் நிமிராமல். "என்ன உண்மை?"

"கதவத் தொறந்து வெச்சது நான் குட்டி. நீ இல்ல. நீ பொம்மைக்குத் தல வாரிட்டிருந்தே. அம்மா என்னத்தான் பாத்துக்கச் சொன்னாங்க. நான் பொய் சொன்னேன். அப்புறம் தினமும் சொல்லிச் சொல்லி ஒன்ன நம்ப வெச்சேன்."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போனதும் குட்டி கேட்டாள்.

"அம்மா என்ன அடிச்சப்ப நீ எங்க இருந்தே?"

"சன்னல்கிட்ட."

"கைல என்ன?"

"புக்கு."

"எந்தப் பக்கம் படிச்சிட்டிருந்தே?"

"அதெல்லாம் ஞாபகம்…"

"பொய் சொல்லாத."

"ஒரு கப்பல் படம் போட்ட பக்கம்."

குட்டி தலையை ஆட்டினாள். நோட்டைக் கையிலெடுத்தாள். "குழந்தையை மடியில் வைத்தல்," என்று வாய்விட்டுப் படித்தாள். "நான் எந்தக் கூண்டுக்கா? மருந்து குடுக்கிற கூண்டா, வெறும் உப்புத்தண்ணி கூண்டா?"

"குட்டி…"

"அப்ப பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில என்ன வெச்சு ஒரு வேல பண்ணே. இப்பவும் அதே வேலதான் பண்ணியிருக்க. நேரா வந்து சொல்லணும்னு தோணவே இல்லயா ஒனக்கு?"

பெரியவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேராகச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் இருக்க நோட்டு வசதியாக இருந்தது.

"நீ சொல்றது நிஜம்னு தெரியுது," என்றாள் குட்டி, வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே. "ஆனா இது நம்ப மாட்டேங்குதே. இன்னும் சில்லுனு இருக்கே. நான் என்ன பண்ணட்டும்?"

அன்று மத்தியானமே பெரியவளைத் தம்பி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "சொல்லு," என்றாள். பெரியவள் சொன்னாள். தம்பி முதலில், "ஆக, ரெண்டு பேர்ல ஒருத்தருகூட என்ன ஒழுங்கா பாத்துக்கல," என்று சிரிக்கப் பார்த்தான். மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அடங்கிவிட்டான். வளைந்த விரல்களை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தான்.

"பெரியக்கா, எனக்கு அது வலிச்சதே ஞாபகமில்ல. நல்ல கை எப்படி இருந்துச்சுன்னும் தெரியாது. எனக்குன்னு ஒண்ணும் போகல," என்றான். "சின்னக்காவுக்குத்தான் போச்சு."

அதற்கப்புறம் அவன் 'எலியக்கா' என்று கூப்பிடவே இல்லை. இருபது வருஷக் கேலி அது. அது இல்லாமல் பெரியவளுக்குக் காது அடைத்தாற்போல் இருந்தது.

படியிறங்கும்போது குட்டி நின்றாள். "எத்தன தடவ சொல்லியிருப்ப எங்கிட்ட?"

"எண்ணலயே."

"எலி நிக்கிறத நொடி நொடியா எண்ணுற. எங்கிட்ட சொன்னத எண்ணலயா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். நீ தானா சொல்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறமும், விட்டுடாம சொன்னேன்."

"அப்ப ரெண்டு வருஷம் சொல்லு. ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு போன் பண்ணு. நடந்தத நடந்த மாதிரி சொல்லு. புதுசா ஒண்ணும் சேக்காத. மன்னிச்சுக்கோன்னு சொல்லாத, அழாத. அழுதேன்னா வெச்சிடுவேன்."

பெரியவள் ஞாயிறு தவறாமல் கூப்பிட்டாள். முதல் வாரம் சொல்லி முடித்ததும் மறுமுனையில் 'டொக்' என்று வைத்த சத்தம். இரண்டாம் வாரமும் 'டொக்'. நான்காம் வாரம் சொல்லிக்கொண்டே வந்தவள், "சன்னல் வழியா வெயில் வந்துட்டிருந்துச்சு, நான்…" என்று இழுத்தாள்.

"நில்லு. போன வாரம் வெயில் இல்லயே?"

பெரியவள் யோசித்தாள். வெயில் இருந்ததா, அல்லது இப்போது தன் சன்னலில் அடிக்கிற வெயிலா? தெரியவில்லை. உண்மையைச் சொல்வதற்கென்று எடுத்த ஞாபகமும் அவிழத்தானே செய்யும்? அதுவும் பக்கத்தில் கிடந்ததை அள்ளிக்கொள்ளத்தான் பார்க்கிறது. குற்றம் செய்தவளின் ஞாபகத்துக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை.

"தெரியல குட்டி."

"தெரியலன்னா எடு அத."

எடுத்துவிட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் நிறைய எடுக்க வேண்டியிருந்தது. 'பயத்தில்தான் சொன்னேன்' என்பது போனது. 'சின்ன வயசுதானே' என்பது அதற்கு முன்னாடியே போயிற்று. கடைசியில் மிஞ்சியது ஏழெட்டு வாக்கியம்தான். கதவு, பக்கெட், கப்பல் படம், பொம்மை, பொய், பள்ளிக்கூடத்து வழி. ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பதரைக்கே அவளுக்குக் கை வியர்த்துவிடும். நாளாக நாளாகப் பழகிவிடும் என்று நினைத்திருந்தாள். பழகவில்லை. ஆய்வகத்தில் மருந்தேற்றிய எலி மறுநாள் சத்தம் கேட்டும் நிம்மதியாக மீசையை நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இப்போதெல்லாம் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

பத்தாவது வாரத்தில் குட்டி முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டாள். "நான் பொம்மைக்கு ரெட்டைச் சடையா போட்டிருந்தேன், ஒத்தைச் சடையா?"

"தெரியாது. நான் பாக்கல."

"சரி," என்றாள். அன்றைக்கு போனை மெதுவாக வைத்தாள்.

இருபத்து மூன்றாவது ஞாயிறு. சரியாகப் பத்து மணிக்குப் பெரியவள் கூப்பிட்டாள். எடுத்தாள் குட்டி. "ம்," என்றாள். அந்த 'ம்'முக்குப் பக்கத்திலேயே இன்னொரு சத்தம் கேட்டது. வெகு அருகில், போனின் வாயில் வாய் வைத்தாற்போல். எச்சில் ஒழுகுகிற, குமிழி விடுகிற, ஆறேழு மாதக் குரல்.

பெரியவள் எழுந்து நின்றுவிட்டாள். "குட்டி… நீ தம்பி வீட்லயா இருக்க?"

"ஆமா."

"குழந்த யாரு கைல இருக்கு?"

மறுமுனையில் துணி சரசரத்தது. "இரு, இரு, கண்ணாடியப் பிடிச்சு இழுக்காத," என்று யாரையோ அதட்டுகிற குரல். பிறகு போன் மறுபடி காதருகே வந்தது.

"பேச்ச மாத்தாதக்கா. மொதல்லேர்ந்து சொல்லு."

பெரியவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது என்பது ஒப்பந்தம்.

"அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனாங்க," என்று ஆரம்பித்தாள். "கதவச் சாத்தச் சொன்னது எங்கிட்ட…"